நேரில் ஆஜராக வேண்டியவர்

கேட்டதைக் கொடுப்பதற்கு ஓர் அதிகாரி, அவர் கொடுக்காமல் விட்டதைக் கொடுப்பதற்கு அவருக்கு மேலே இன்னோர் அதிகாரி என்று இரண்டு பேரை வைத்துத்தான் அரசாங்கம் எங்கள் ஊரில் கோரிக்கைகள் மற்றும் மேல்முறையீடுகள் அலுவலகத்தைத் திறந்தது. ஆனால் மேலே இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த இடத்துக்கு ஆள் போட மறந்துவிட்டார்களோ, மறக்காமலேதான் போடாமல் விட்டார்களோ, கீழே இருந்த வேதரத்தினம் ஐயாவே மேலேயும் இருக்கும்படி ஆயிற்று. இதற்கு முழுக் கூடுதல் பொறுப்பு என்று பெயர். காலையில் அவர் நீலத் துண்டு போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்து மனுக்களைத் தள்ளுபடி செய்வார். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அதே அறையில் வெள்ளைத் துண்டு போர்த்திய இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் இந்த உத்தரவைப் போட்ட அதிகாரிக்கு விதி தெரியுமா தெரியாதா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். கேள்வி கொஞ்சம் கடுமையாக அமைந்துவிட்டால் மறுநாள் காலை நீலத் துண்டு நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு யாருக்கும் எந்த வேலையும் நடக்காது.

அவருக்குக் கீழே அலுவலகம் ஒழுங்காகவே அமைந்திருந்தது. வாசலை ஒட்டித் தபால் பிரிவு. அங்கே மனுவை வாங்கி முத்திரை குத்துவார்கள், முத்திரை தெளிவாக விழவில்லை என்றால் அது மனு கொடுத்தவருடைய குறை என்று நாளைக்கு வரச் சொல்வார்கள். அதைத் தாண்டினால் அ பிரிவு. மனுவோடு இருக்க வேண்டிய காகிதமெல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அ பிரிவு ஒழுங்காகப் பார்த்ததா என்று ஆ பிரிவு பார்க்கும். இவர்கள் இரண்டு பேரும் பார்த்து முடிக்கிறவரை பொறுத்திருந்து, விசாரணைக்கு ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்து, யார் யார் நேரில் வர வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் அழைப்பாணை அனுப்புவது இ பிரிவு. இ பிரிவு என்பது ஜெயசீலன் என்கிற ஒரே ஆள். மனுவில் யார் பெயரெல்லாம் இருக்கிறதோ அவர்கள் எல்லோருக்கும் அழைப்பாணை போய்ச் சேர வேண்டும் என்பதில் அவர் கறாரானவர். ஒரு தடவை மனுவின் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருந்ததால் அச்சக முதலாளிக்கும் ஒன்று போய், அந்த மனுஷன் என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாமல் வக்கீலோடு வந்து நின்றார்.

இந்த ஜெயசீலன் கையால்தான் எங்கள் ஊருக்கு அந்தக் காலம் பிறந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எப்போதும் செய்கிறதைத்தான் செய்தார்.

ராக்கம்மாவின் புருஷன் சோணைமுத்து நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டினவர். நடந்து போகிறவனெல்லாம் தாண்டிப் போகிற வண்டியை வாழ்நாள் முழுக்க ஓட்டினதாலோ என்னவோ அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது, எதிலும் ஞாபகமும் கிடையாது. முக்கியமாகக் குடை விஷயத்தில். உட்கார்ந்த இடத்திலெல்லாம் குடையை விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். டீக்கடையில் விட்ட குடை, ரேஷன் கடையில் விட்ட குடை, மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில் விட்டுவிட்டு, சம்பந்தம் முறிந்துபோனதால் திரும்பக் கேட்க முடியாமல் போன குடை என்று அந்த வீட்டில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் குடைதான் காரணம். ஒருநாள் வேலையிலேயே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவர் உயிர் போய்விட்டது. ரோலர் தன்பாட்டுக்கு நகர்ந்துபோய் ஓரத்து வேப்பமரத்தில் மெதுவாக முட்டி நின்ற பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. பாடையைத் தூக்குவதற்கு முன்னால் ராக்கம்மா ஒரு புதுக் குடையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்து, இதையாவது தொலைக்காமல் வைத்திருங்க என்று சொல்லி அழுதாள். அழுகிறது அவருக்கா, இதுவரை போன குடைகளுக்கா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். எங்கள் ஊர் அப்படித்தான்.

வேலையில் இருக்கும்போது இறந்தவரின் பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் அரசு வேலை கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அவர்களுடைய மகள் நாகஜோதி பி.காம். முடித்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்றால் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தாள். வேலை செய்கிற பெண்கள் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று முதலாளி ஒரு முக்காலிகூடப் போட்டிருக்கவில்லை. கடை அடைத்து வீட்டுக்கு வரும்போது அவளுடைய செருப்பு காலை விட்டுக் கழலாது, அப்படி வீங்கியிருக்கும். கருணை வேலைக்கும் வயது வரம்பு உண்டு, வருகிற ஆவணியோடு அவளுக்கு அது முடிகிறது. அதற்குள் உத்தரவு வந்தால் ஒரு நாற்காலி. வராவிட்டால் சாகிறவரைக்கும் அந்தச் சேலைகளுக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

ராக்கம்மா மனுவைக் கொடுத்தாள். நீலத் துண்டு நாற்காலியில் இருந்த வேதரத்தினம் ஐயா, ஊழியர் தன் மகளுக்கு வேலை கொடுக்க ஒப்புதல் தந்த கையெழுத்து இல்லை என்று அதைத் தள்ளுபடி செய்தார். ஊழியர்தானே செத்துப் போனார் என்று அ பிரிவும் கேட்கவில்லை, ஆ பிரிவும் கேட்கவில்லை. அது அவர்கள் பார்க்க வேண்டிய காகிதங்களில் இல்லை. ராக்கம்மா மேல்முறையீடு செய்தாள். வெள்ளைத் துண்டு நாற்காலியில் இருந்த வேதரத்தினம் ஐயா, ஒப்புதல் இல்லை என்றால் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டாமா, இதைக்கூடச் செய்யாமல் உத்தரவு போட்ட அதிகாரி என்ன அதிகாரி என்று கோபப்பட்டு, சம்பந்தப்பட்டவரை விசாரணைக்கு அழைக்கும்படி எழுதினார். ஜெயசீலன் அழைப்பாணை அனுப்பினார். ‘சோணைமுத்து, ரோடு ரோலர் ஓட்டுநர், தாங்கள் அசல் ஆவணங்களுடன் நேரில் ஆஜராக வேண்டியது. தவறினால் தங்கள் தரப்பில் சொல்ல ஏதுமில்லை எனக் கருதப்படும்.’ பெறுநரின் கையில் மட்டுமே கொடுக்க வேண்டிய தபால் என்பதால் தபால்காரர் அதை நேரே இடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், மண்மேட்டில் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தார். ஒப்புகை அட்டை மறுநாள் கையெழுத்தோடு தபால் ஆபீசில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முன்னாலேயே சோணைமுத்து வந்துவிட்டார். உயிரோடு இருந்தபோது எதற்கும் நேரத்துக்கு வராதவர் அன்றைக்கு அலுவலகம் திறப்பதற்கு முன்பே வந்து, நடைபாதை பெஞ்சில் ஒரு ஓரமாக, உடுத்தி அனுப்பிய அதே வேட்டியோடு, காலுக்கு நடுவில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். ராக்கம்மா கேட்டுக்குள் நுழைந்தவள் அவரைப் பார்த்தாள். பிறகு கிட்டே போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குடை இருக்கா?” என்று கேட்டாள். அவர் தூக்கிக் காட்டினார்.

அறை வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற தபேதார் பூமிநாதன் மூன்று தடவை கூப்பிட்டார்; மூன்றாவது தடவையில் சோணைமுத்து எழுந்து உள்ளே போனார். வேதரத்தினம் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பில் இருந்த இறப்புச் சான்றிதழையும் எதிரே நிற்கிறவரையும் மாறி மாறிப் பார்த்து, இதில் இருப்பது நீங்கள்தானா என்று கேட்டார். அவர் ஆமாங்கய்யா என்றார். ஆதார் அட்டையில் இருந்த படத்தோடு ஒத்துப்போனது. உண்மையைச் சொன்னால் அட்டையில் இருந்ததைவிட இப்போது களையாகவே இருந்தார். மேல்முறையீட்டு அலுவலர் ‘நேரில் ஆஜர்’ என்று எழுதினார். ஒப்புதல் உண்டா என்று கேட்டதற்கு உண்டு என்றார். ஆனால் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, சான்றொப்பம் வாங்கிய தாளில் வேண்டும், அந்தத் தாளை அடுத்த விசாரணையில் மனுதாரர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி வாய்தா போட்டார். புருஷனும் மனைவியும் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, அலுவலகம் மூடுகிறவரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அவர் குடையை ஜன்னல் கம்பியில் மாட்டி மறந்துவிட்டுப் பத்தடி போய்விட்டார், ராக்கம்மா கூப்பிட்டு, “குடையை எடுத்தீகளா?” என்று கேட்கும்படி ஆயிற்று. அவர் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, மேற்கே போகிற ரோட்டில் நடந்து, புளியமரங்களுக்கு அப்பால் தெரியாமல் போனார்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் ஊர் கேட்டது. அரசாங்கம் வரச் சொல்லி எழுத்தில் அனுப்பினால் வராமல் இருக்க முடியுமா, நம்மால் முடியுமா, செத்தவரால் மட்டும் எப்படி முடியும்? ஜெயசீலனுக்கு மெமோ கொடுப்பதா வேண்டாமா என்று ஆ பிரிவு மூன்று பக்கம் எழுதியது. கடைசியில், அழைக்கப்பட்டவர் வந்துவிட்டதால் அழைத்தது சரியே என்று முடிந்தது. சரி என்று ஆனபிறகு அது முன்னுதாரணம். அலுவலகத்தில் ஒரு முறை சரியாகிவிட்ட காரியத்தை மறுமுறை செய்யாமல் இருப்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? தாத்தா வெட்டின கிணற்றில் எனக்குப் பாத்தியதை உண்டு என்று ஒருவன் மனுப் போட்டான். கிணறு தூர்ந்து அதன்மேல் மாரியம்மன் கோயில் கழிப்பறை கட்டி வெகுகாலம் ஆயிற்று, ஆனாலும் மனுவில் தாத்தா பெயர் இருந்தது, தாத்தா வந்தார். அப்பாவுக்கு யார்மேல் பிரியம் என்று பங்காளிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் எதையோ கேட்டு மனுக் கொடுத்து அப்பாவை வரவழைத்தார்கள். வந்தவர் வீட்டுக்கு ஏன் இன்னும் வெள்ளையடிக்கவில்லை என்று இரண்டு பேரையும் சேர்த்து வைத்து ஏசிவிட்டுப் போனார், போனபிறகு இரண்டு பேரும் ஒரே வாளியில் சுண்ணாம்பு கரைத்தார்கள். மீன்குழம்புக்கு என்ன சேர்ப்பீர்கள் என்று கேட்கிற ஆசையில் ஒருத்தி மாமியாருக்கு அழைப்பாணை அனுப்பவைத்து, வந்த மாமியார் அதைச் சொல்லாமல் மருமகள்மேல் பதில் மனுப் போட, அந்த வழக்கு மட்டும் தனியே ஒரு அலமாரிக்கு வளர்ந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் அலுவலக வளாகம் திருவிழா மாதிரி ஆனது. இறந்தவர்கள் உட்கார நிழல் வேண்டும் என்று ஒரு கட்சியும், நிழலில் முதலில் உயிரோடு இருக்கிறவர்கள்தான் உட்கார வேண்டும் என்று இன்னொரு கட்சியும் பேனர் கட்டின. வருகை கூடிவிட்டது, பணியிடங்களைக் கூட்டு என்று ஊழியர் சங்கம் கோஷம் போட்டது. டீக்கடை மைதீன் அவர்களுக்கும் டீ போட்டார். அவர்கள் குடிக்க மாட்டார்கள், சூடான கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அவர்களுக்கு ஒரு சுகம், ஆறினதும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அமாவாசைக்குச் சோறு வைக்கிற பழக்கம் ஊரில் மெதுவாக நின்றுபோனது, ஆளே நேரில் வரும்போது காக்காய்க்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். காக்கைகள் கூட்டமாக வந்து அலுவலகச் சுற்றுச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு மனுக் கொடுக்காத குறையாகக் கத்தின. பூமிநாதன்தான் மனசு கேளாமல் தன் சாப்பாட்டில் ஒரு பிடி எடுத்துவைத்துச் சமாதானப்படுத்தினார்.

எல்லாவற்றையும்விடத் தலைகீழாக மாறியது வாய்தா விஷயம். முன்பெல்லாம் வாய்தா என்றால் பூமிநாதனைத் திட்டுவார்கள், வேதரத்தினம் ஐயாவின் வம்சத்தைத் திட்டுவார்கள். இப்போது வழக்கு முடிந்துவிட்டால் அழைப்பாணை இல்லை, அழைப்பாணை இல்லாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டதால், வாய்தா வாங்கினவர்கள் கல்கண்டு கொடுத்தார்கள். உத்தரவு வாங்கினவர்கள் வேண்டியது கிடைத்தும் அழுதுகொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்கள். அ பிரிவில் வேகமாக வேலை பார்க்கிற ஒரு பெண் இருந்தாள், அவளை மண்ணை வாரித் தூற்றாதவர் இல்லை. வேதரத்தினம் ஐயாவும் இளகிவிட்டார். அவருடைய அப்பா வேதாரண்யம் பக்கத்தில் இறந்தவர், அது வேறு மாவட்டம், இவருடைய அதிகாரம் அங்கே செல்லாது. ஊர்ப்பட்ட பேருடைய அப்பன்களை எல்லாம் கூப்பிட்டுவைத்து விசாரிக்கிற மனுஷனால் சொந்த அப்பாவைக் கூப்பிட முடியவில்லை. அதனாலோ என்னவோ யார் வாய்தா கேட்டாலும் ஏன் என்று கேட்காமல் கொடுத்தார்.

அதிகமாகக் கேட்டவள் ராக்கம்மா. சான்றொப்பம் வாங்கிய தாளைக் கொண்டு வந்தவள் வாரிசுச் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அதை எடுத்து வந்த அன்றைக்குத் தாள் நனைந்துவிட்டது. எல்லாம் சேர்ந்து இருந்த ஒரு செவ்வாயில், மகள் படித்த சான்றிதழ் பரணில் ஏறிவிட்டது, இறக்கித் தர ஆள் இல்லை என்றாள். அவளுக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு இரவும் வெந்நீரில் உப்புப் போட்டு மகளின் காலைப் பிடித்துவிட்டவள் அவள்தான். ஆனால் திங்கட்கிழமை வந்துவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. விடியும் முன்பே எழுந்து குளித்து, அவர் சாப்பிடமாட்டார் என்று தெரிந்தும் கந்தரப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு போவாள். உயிரோடு இருந்தபோது நாள் முழுக்கத் தார்ச்சூட்டில் கிடந்துவிட்டு வந்து வாய் பேசாமல் தூங்கிவிடுகிற மனுஷன், இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அவளோடு பேசினார், அவள் சொன்னதற்குச் சிரித்தார், குடைக்காக அவள் திட்டினபோதுகூடச் சிரித்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு இப்போதுதான் புருஷன் கிடைத்திருந்தான். ஆவணி வந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த செவ்வாய் முடித்துவிடலாம் என்று ஒவ்வொரு செவ்வாயும் நினைத்தாள்.

நாகஜோதிக்கு அரசாங்கம்தான் இழுத்தடிக்கிறது என்று நினைப்பு. அப்பா வருகிற நாட்களில் அவளுக்குக் கடையில் விடுப்புக் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை புதுச் சரக்கு வருகிற நாள். ஆடித் தள்ளுபடி நெருக்கத்தில் ஒரு நாள் ஜெயசீலன் மனைவிக்குச் சேலை எடுக்க அந்தக் கடைக்கு வந்தார். நாகஜோதி மாம்பழ நிறத்தில் ஒரு சேலையை விரித்துக்கொண்டே, எங்கள் கோப்பு எப்போது சார் முடியும் என்று கேட்டாள். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அது அவருடைய பிரிவு இல்லை. உங்கள் அம்மாதானே ஒவ்வொரு தடவையும் வாய்தா கேட்கிறார் என்றார். நாகஜோதி சேலையை ஒழுங்காக மடித்து வைத்தாள். மறுநாள் செவ்வாய், முதலாளியிடம் சொல்லாமலே அலுவலகத்துக்குப் போனாள்.

பெஞ்சில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் கந்தரப்பத் தூக்கு. சோணைமுத்து மகளைப் பார்த்ததும் இடம் விட்டு நகர்ந்து, உட்காரு தாயி என்றார். அவள் உட்காரவில்லை.

“நின்னே பழகிருச்சுப்பா,” என்றாள். “நீங்க செத்ததுல இருந்து நின்னுக்கிட்டேதேன் இருக்கேன். அம்மா வாய்தா வாங்க வாங்க நான் நிக்கிறேன்.”

அவர் மகளின் காலைப் பார்த்தார். செருப்பு வார் பதிந்து சிவந்திருந்தது. வாழ்க்கை முழுக்கக் கல்லும் மண்ணும் அழுத்தி நசுங்குவதைப் பார்த்த மனுஷனுக்கு அந்தக் காலைப் பார்க்க முடியவில்லை. மெதுவாக ராக்கம்மா பக்கம் திரும்பினார்.

“முடிச்சிட்டா நீங்க வரமாட்டீகள்ல,” என்றாள் ராக்கம்மா. தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். தான் செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும், அதைவிட, தெரிந்தே இன்னும் ஒரு செவ்வாய் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்பதும் தெரியும், அந்த வெட்கத்தில் அவள் நிமிரவே இல்லை. நாகஜோதிக்கு வந்த கோபமெல்லாம் அந்தத் தலையைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் பூமிநாதன் கூப்பிட்டார். சோணைமுத்து உள்ளே போனார், பின்னால் இவர்கள் இரண்டு பேரும் போனார்கள். வேதரத்தினம் ஐயா வெள்ளைத் துண்டு நாற்காலியில் இருந்தார், பழக்கத்தில் வாய்தாவுக்கு நாள் பார்க்கப் பஞ்சாங்கக் காலண்டர் பக்கம் திரும்பியும் விட்டார். சோணைமுத்து உயிரோடு இருந்த காலத்தில் அதிகாரி முன்னால் ஒரு வார்த்தை பேசினவர் இல்லை. துறைப் பொறியாளர் எப்போதாவது கேள்வி கேட்டால்கூட ரோலரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அன்றைக்கு மேஜைக்குக் கிட்டே போய் நின்றார்.

“முடிச்சு விட்டுருங்கய்யா,” என்றார். “பிள்ளை நிக்கிது.”

மனுதாரர் என்ன சொல்கிறார் என்று ஐயா கேட்டார். ராக்கம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சான்றிதழ்களையெல்லாம், பரணில் இருக்கிறது என்று சொன்னதையும் சேர்த்து, எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஐயா பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், விசாரணைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி என்று சொல்லிவிட்டு, சோணைமுத்துவிடம் கேட்டார்.

“அங்க எங்க அப்பாவைப் பாத்தீங்களா? நெட்டையா இருப்பார். காதுல கடுக்கன் போட்டிருப்பார்.”

“அங்கிட்டும் வரிசைதேங்கய்யா,” என்றார் சோணைமுத்து, தானே அந்த வரிசையைப் போட்டுவிட்டவர் மாதிரி வருத்தத்தோடு. “நாங்க இந்த மாவட்டத்து வரிசை.”

வேதரத்தினம் ஐயா வெள்ளைத் துண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். பிறகு உத்தரவு எழுதினார். அது எங்கள் ஊர் அலுவலகத்திலிருந்து வெளிவந்த உத்தரவுகளிலேயே கடுமையானது. அன்றொரு காலையில் இந்த மனுவைத் தள்ளுபடி செய்த அதிகாரி ஒரு பெண்பிள்ளையைக் காரணமில்லாமல் நிற்க வைத்தவர், கருணை என்ற சொல்லின் பக்கத்தில்கூட உட்காரத் தகுதி இல்லாதவர் என்று எழுதி, நாகஜோதிக்கு உடனே வேலை வழங்க ஆணையிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் முழுக்கக் காலை வேளைகளில் அவர் யாரோடும் பேசவில்லை.

மூன்று பேரும் பெஞ்சுக்கு வந்தார்கள். அலுவலகம் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, ஆனால் முடிந்துபோன வழக்கில் உட்கார்ந்திருக்க விதி இல்லை. சோணைமுத்து மகளின் தலையில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது, ஆனாலும் அப்பா கைதான் என்று நாகஜோதி பின்னால் சொன்னாள். ராக்கம்மாவிடம், அப்பம் நல்லா மணக்குது என்றார். அப்புறம் திரும்பி நடந்தார்.

குடை ஜன்னல் கம்பியில் தொங்கியது.

ராக்கம்மா அதைப் பார்த்தாள். பார்த்ததை நாகஜோதியும் பார்த்தாள். அவர் படியிறங்கினார், வளாகத்து வேப்பமரத்தைத் தாண்டினார், சுவரில் இருந்த காக்கைகள் அவருக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கின, கேட்டைத் தாண்டினார். வாழ்நாள் முழுக்க, செத்தபிறகும் விடாமல், கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு ராக்கம்மா கேட்கவில்லை. “பாத்துப் போங்க,” என்று மட்டும் சொன்னாள். அவர் அன்றைக்கு மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று எங்கள் ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஆவணி பிறப்பதற்கு முன்னால் நாகஜோதி வேலையில் சேர்ந்தாள். எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே போடுவதுதான் வழக்கம்; ஜெயசீலனுக்குப் பதவி உயர்வு கிடைத்து ஆ பிரிவுக்குப் போயிருந்ததால், காலி இடம் அதே அலுவலகத்தில் இ பிரிவில் இருந்தது. பிரம்பு கிழிந்த ஒரு நாற்காலி. முதல் நாள் அவள் அதில் உட்கார்ந்தவள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. வயிறு பசிக்கவில்லையா என்று பூமிநாதன் கேட்டதற்கு, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கிறேன்ணே என்றாள்.

இரண்டாம் நாள் பூமிநாதன் ஒரு குடையைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார். ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததாகவும், தபால் பிரிவில் கொடுத்தால் முத்திரை குத்த இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். நாகஜோதி விதியை எடுத்துப் பார்த்தாள். அலுவலக வளாகத்தில் விடப்பட்ட பொருளுக்கு உரியவர் இன்னார் என்று தெரிந்தால், அவருக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டும்; அவர் நேரில் ஆஜராகி, பொருள் தன்னுடையதுதான் என்று ஆதாரத்தோடு நிரூபித்து, கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். வேறு யாரிடமும், மனைவி மக்களிடம்கூட, கொடுக்கக் கூடாது. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அப்பாவின் பெயரை எழுதி, அடுத்த செவ்வாய்க்கிழமையைக் குறித்தாள். வேதரத்தினம் ஐயா படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நாகஜோதி வேலைக்குக் கிளம்பும்போது வீடெல்லாம் வெல்லம் மணத்தது. ராக்கம்மா தலைகுளித்து, அடுப்படியில் கந்தரப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டாள்.

“வந்ததும் தூக்கிக் குடுத்துறாத தாயி,” என்றாள். “தன் குடைதேன்னு நிரூபிக்கட்டும். காகிதம் பத்தலைன்னா வாய்தா போடு.”